குளோரைடை முதலில் பாருங்கள்: தண்டுவடத்தின் தடுப்புச் சேனல்களைக் கணக்குப் போட்டுப் புரிந்துகொள்வது எப்படி

யாங்கோனில் மருத்துவமும் உயிரியலும் படிக்கிற நம் பிள்ளைகள் சிலருக்கு மாலை நேரத்தில் உடலியங்கியல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வீட்டில் தமிழ், தெருவில் பர்மியம், பாடப்புத்தகத்தில் ஆங்கிலம் என்று மூன்றுக்கும் நடுவே படிக்கிற பிள்ளைகள். நரம்புப் பாடத்தில் தூண்டுதல் பகுதி அவர்களுக்குச் சட்டென்று பிடிபட்டுவிடுகிறது. சோடியம் உள்ளே வருகிறது, மின்னழுத்தம் ஏறுகிறது, நியூரானில், அதாவது நரம்புச் செல்லில், துடிப்பு கிளம்புகிறது, அவ்வளவுதான். தடுப்பு என்று வந்ததும் "கிளைசின் வந்தா குளோரைடு உள்ளே போகும், செல் இன்னும் நெகட்டிவ் ஆகும், அதனால அடங்கிடும், சயா" என்று ஒரே மூச்சில் ஒப்பிக்கிறார்கள். (சயா என்றால் பர்மியத்தில் வாத்தியார். கிளைசின் என்பது ஒரு நியூரான் இன்னொன்றை அடக்க வெளிவிடும் வேதிப்பொருள்.) அது பாதிதான் சரி. மீதிப் பாதி தெரியாமல் போனால் ரண ஜன்னி (டெட்டனஸ்) ஏன் அப்படி உடம்பை வில்லாய் வளைக்கிறது என்பது புரியாது, கருவிலிருக்கும் குழந்தையின் தண்டுவடம் ஏன் பெரியவர்களுடையதைப் போல நடப்பதில்லை என்பதும் புரியாது.

அதனால் இதைக் கையால் கணக்குப் போட்டே புரிந்துகொள்ளும் வழியை இங்கே எழுதுகிறேன். ஒரு தாள், ஒரு பேனா, லாக் பொத்தான் இருக்கிற கால்குலேட்டர் போதும், ஃபோனில் இருப்பதே போதும். கணக்கு எட்டிக்காயாகக் கசக்கிறது என்பவர்களும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், எட்டிக்காயே பின்னால் நமக்கு உதவிக்கு வரப்போகிறது.

முதலில் யார் யாரைத் தடுக்கிறார்கள் என்று ஒரு படம் போட்டுக்கொள்ளுங்கள். பர்மியப் பிரம்புப் பந்தாட்டமான சின்லோன் ஆடுகிறவர் காலை நீட்டிப் பந்தைத் தட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தொடையின் முன்பக்கத் தசை சுருங்க வேண்டும், அதே நேரத்தில் பின்பக்கத் தசை தளர வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்து முழங்கால் மரக்கட்டை மாதிரி நின்றுவிடும். முன்தசையின் இயக்க நியூரானைத் தூண்டுகிற செய்தியே, பக்கத்தில் இருக்கும் ஒரு சிறிய இடைநியூரானையும் தூண்டுகிறது. அந்த இடைநியூரான் பின்தசையின் இயக்க நியூரான் மேல் கிளைசினைக் கொட்டுகிறது. இது ஒரு ஜோடி. இன்னொன்று ரென்ஷா செல்கள்: இயக்க நியூரான் துடிக்கும்போது அதன் ஆக்ஸானின், அதாவது நீண்ட நரம்பிழையின், ஒரு கிளை திரும்பி வந்து ரென்ஷா செல்லைத் தட்டும், அது அதே இயக்க நியூரானையும் அக்கம்பக்கத்து நியூரான்களையும் அடக்கும். தண்டுவடத்தில் இந்த வேலைக்குப் பெரும்பாலும் கிளைசின், கூடவே காபா என்கிற இன்னொரு தடுப்பு வேதிப்பொருள். இரண்டும் தனித்தனி என்று நினைக்க வேண்டாம். எலிக்குட்டியின் தண்டுவடத்தில் ஒரே இடைநியூரான் ஒரே குமிழியிலிருந்து இரண்டையும் சேர்த்தே விடுவதை 1998இல் காட்டினார்கள்.

அடுத்து சேனலை, அதாவது செல்லின் சவ்வில் அயனிகள் போய்வரும் வாசலை, வரையுங்கள். மேலிருந்து பார்த்தால் ஐந்து இதழ்ப் பூ மாதிரி இருக்கும், ஐந்து புரதத் துண்டுகள், நடுவில் ஒரு துளை. கிளைசின் ஏற்பியில் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகைத் துண்டுகள் கலந்திருக்கும், காபா-ஏ ஏற்பியில் பெரும்பாலும் ஆல்ஃபா, பீட்டா, காமா மூன்றும் இருக்கும். ஏற்பியும் சேனலும் இங்கே ஒரே பொருள்தான். கிளைசின் வெளியே வந்து ஒட்டுகிறது, அந்த ஒட்டுதலே நடுத்துளையைத் திறக்கிறது, இடையில் வேறு தூதுவர் யாரும் இல்லை. நரம்பும் தசையும் சேரும் இடத்தில் இருக்கிற அசிட்டைல்கோலின் ஏற்பியும் இதே குடும்பம்தான், அச்சு அசல் அதே கட்டுமானம், ஆனால் அது நேர் அயனிகளை விடுகிறது, இது எதிர் அயனிகளை விடுகிறது. அந்த வித்தியாசம் துளையின் சுவரில் இருக்கிறது. ஒவ்வொரு துண்டும் சவ்வை நான்கு முறை ஊடுருவிப் போகிறது, இரண்டாவது முறை ஊடுருவுகிற பகுதிதான் துளைக்குச் சுவர், அதன் ஓரத்தில் நேர்மின் ஏற்றமுள்ள அமினோ அமிலங்கள் உட்கார்ந்திருப்பதால் குளோரைடு ஈர்க்கப்படுகிறது, சோடியமும் பொட்டாசியமும் தள்ளப்படுகின்றன.

துளை எவ்வளவு பெரியது என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். போர்மன், ஹாமில், சாக்மன் மூவரும் 1987இல் சுண்டெலியின் தண்டுவட நியூரான்களை வளர்ப்புத் தட்டில் வைத்து இதை அளந்தார்கள். அளந்த விதம் சல்லடை போட்டுச் சலிப்பது மாதிரி. சிறிய அயனி, கொஞ்சம் பெரியது, அதைவிடப் பெரியது என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, எதுவரை உள்ளே போகிறது, எது நிற்கிறது என்று பார்த்தார்கள். கிளைசின் சேனலுக்கு 5.2 ஆங்ஸ்ட்ராம், காபா சேனலுக்கு 5.6 ஆங்ஸ்ட்ராம் என்று வந்தது. ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கு. ஒரே ஒரு சேனல் திறந்து மூடுவதையும் அவர்கள் பதிவு செய்தார்கள், அதில் மின்னோட்டம் படிக்கட்டு மாதிரி பல உயரங்களில் நிற்கிறது. கிளைசினுக்கு அதிகம் வரும் படி 46 பிக்கோசீமென்ஸ் (மின்னோட்டத்துக்கு எவ்வளவு வழி விடுகிறது என்கிற கடத்துதிறனின் அலகு), காபாவுக்கு 30. இந்த 46ஐ ஒரு மூலையில் எழுதி வையுங்கள், சீக்கிரம் வேண்டும்.

பீட்டா துண்டுக்கு இன்னொரு வேலை உண்டு. அதன் உள்பக்க வளையம் ஜெஃபைரின் என்கிற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது, ஜெஃபைரின் ஏற்பிகளை இரண்டு நியூரான்கள் சேரும் சந்திப்புக்கு நேர் எதிரே கூட்டமாக நிறுத்தி வைக்கிறது. கிரேக்கத்தில் பாலத்துக்குரிய சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

சரி, இப்போது கணக்கு.

குளோரைடு எந்தப் பக்கம் ஓடும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. வெளியே அடர்த்தி அதிகம், அதனால் உள்ளே போகப் பார்க்கும். உள்ளே எதிர்மின், அதனால் அதுவே வெளியே தள்ளும். இரண்டு தள்ளலும் சமமாகி, போவதும் வருவதும் ஒன்றாகிற மின்னழுத்தத்தைக் குளோரைடின் சமநிலை என்கிறோம். 37 டிகிரியில் சூத்திரம் இதுதான்: சமநிலை = -61.5 × லாக்(வெளி அடர்த்தி ÷ உள் அடர்த்தி). வெளியே 120 மில்லிமோலார், உள்ளே 6 என்று வைப்போம், கணக்குக்கு எளிது, முதிர்ந்த நியூரானுக்குப் பொருந்தும் அளவும் கூட. 120 ÷ 6 = 20. லாக் 20 என்பது 1.3. பெருக்கினால் -80 மில்லிவோல்ட். இப்போது உள் அடர்த்தியை மட்டும் 12 ஆக்குங்கள், -61.5 வரும். 30 ஆக்குங்கள், சுமார் -37. உள்ளே சில மில்லிமோலார் கூடினாலே முடிவு எவ்வளவு நகர்கிறது பாருங்கள். வெளியே 120இல் ஆறு கூடினால் ஒன்றும் பெரிதாக ஆகாது, உள்ளே ஆறு கூடினால் கதையே வேறு. மீதிப் பாடம் முழுக்க இந்த ஒரு வரியிலிருந்துதான் பிறக்கிறது, அதனால் இதை மூன்று நான்கு எண்களுக்காவது நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஒரு சின்னத் திருத்தம் உண்டு. இந்தச் சேனல்களில் பைகார்பனேட்டும் கொஞ்சம் போகும். குளோரைடு போவதை 100 என்று வைத்தால் கிளைசின் சேனலில் பைகார்பனேட் 11, காபா சேனலில் 18. பைகார்பனேட் வெளியேறுகிற பக்கம் ஓடுவதால் உண்மையான திரும்புமுனை (மின்னோட்டம் திசை மாறும் மின்னழுத்தம்), குளோரைடு கணக்குச் சொல்வதைவிடக் கொஞ்சம் மேலே இருக்கும். முதல் கணக்குக்கு இதை விட்டுவிடலாம்.

இப்போது அந்த 46ஐ எடுங்கள். செல் -60இல் இருக்கிறது, குளோரைடு சமநிலை -80, இடைவெளி 20 மில்லிவோல்ட். 46 பிக்கோசீமென்ஸை 20 மில்லிவோல்ட்டால் பெருக்கினால் 0.92 பிக்கோ ஆம்பியர். ஒரு குளோரைடின் மின்னேற்றத்தால் வகுத்தால் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 57 லட்சம் குளோரைடு அயனிகள், ஒரே ஒரு சேனல் வழியாக. அது திறந்திருப்பது சில மில்லி நொடிதான் என்றாலும் ஆயிரக்கணக்கில் போய்விடும். இந்தக் கணக்கைப் போடும்போதெல்லாம் எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வராது.

இடைவெளி பூஜ்யமானால்? செல் -80இலேயே இருந்தால் சேனல் திறந்தாலும் நிகர மின்னோட்டம் இல்லை. செல் -90இல் இருந்தால் குளோரைடு வெளியே ஓடும், மின்னழுத்தம் மேலே ஏறும். ஆக, "குளோரைடு உள்ளே போகும்" என்று மனப்பாடம் செய்ததைத் தாளில் அடித்துவிட்டு, "இடைவெளி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்" என்று எழுதிக்கொள்ளுங்கள். இதைச் சோதனையில் பளிச்சென்று காட்டியவர்கள் கூம்ஸ், எக்கிள்ஸ், ஃபாட் மூவரும். 1955இல் வெளிவந்த வேலை. பூனையின் இயக்க நியூரானுக்குள் நுண்ணிய கண்ணாடி மின்முனையைச் செருகி, அதன் வழியாகக் குளோரைடை உள்ளே செலுத்தினார்கள். அதுவரை கீழே இறங்கிக்கொண்டிருந்த தடுப்பு அலை தலைகீழாகி மேலே எழும்பியது. ஏற்பியை யாரும் தொடவில்லை, கிளைசினும் மாறவில்லை, உள்ளே இருந்த குளோரைடு மட்டும்தான் கூடியது. ஜான் எக்கிள்ஸுக்கு 1963இல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம், அவசரப்படாமல் படியுங்கள். இறக்கினால்தான் தடுப்பு என்றால், குளோரைடு சமநிலையும் செல்லின் ஓய்வு மின்னழுத்தமும் ஒன்றாகவே இருந்தால் தடுப்பே இல்லை என்றாகிவிடும் அல்லவா? அது உண்மையா என்று பார்ப்போம்.

யாங்கோனில் கரன்ட் வருகிற நேரம் பார்த்து மோட்டார் போட்டு மாடித் தொட்டியை நிரப்புகிற வீடுகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே யாராவது பெரிய குழாயைத் திறந்துவிட்டால் தொட்டி நிரம்பாது. குழாயைத் திறந்தவர் தொட்டியிலிருந்து அள்ளி எடுக்க வேண்டியதில்லை, ஏறுகிற தண்ணீருக்கு வழி விட்டாலே போதும். தடுப்புச் சேனலும் அப்படித்தான் சவ்வில் ஒரு பெரிய குழாயைத் திறக்கிறது.

எண்ணில் பார்ப்போம். செல்லின் மின்னழுத்தம் எங்கே போய் நிற்கும் என்பதற்குச் சூத்திரம்: ஒவ்வொரு கடத்துதிறனையும் அதன் சமநிலையால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கடத்துதிறனால் வகுக்க வேண்டும். சந்தையில் நான்கு விலை அரிசியைக் கலந்தால் கலவையின் விலை என்ன என்று பார்ப்பது மாதிரியேதான், அதிகம் போட்ட அரிசியின் பக்கம் விலை சாயும். செல்லின் சொந்தக் கசிவு 10 நானோசீமென்ஸ், அதன் சமநிலை -70. தூண்டும் சந்திப்புகள் 10 நானோசீமென்ஸ், அவற்றின் சமநிலை 0. துடிப்பு கிளம்பும் எல்லை -50 என்று கொள்வோம்.

தடுப்பு எதுவும் இல்லாமல்: (10 × -70 + 10 × 0) ÷ 20 = -35. எல்லையைத் தாண்டிவிட்டது, நியூரான் துடிக்கும்.

இப்போது கிளைசின் சேனல்கள் திறந்து 30 நானோசீமென்ஸ் சேர்கிறது, குளோரைடு சமநிலை -70, அதாவது ஓய்வுக்குச் சமம். (-700 + 0 - 2100) ÷ 50 = -56. எல்லைக்குக் கீழே, துடிப்பு இல்லை. தூண்டுதல் இல்லாத நேரத்தில் இதே கிளைசின் வந்திருந்தால் மின்னழுத்தம் ஒரு மில்லிவோல்ட்கூட அசைந்திருக்காது, பதிவுக் கருவியில் கோடு நேராகவே போயிருக்கும், பார்ப்பவர் "இங்கே தடுப்பே நடக்கவில்லை" என்று எழுதிவைத்திருப்பார். ஆனால் தூண்டுதலின் கையைக் கட்டிப்போட அது போதுமானதாக இருந்தது.

சமநிலை -80 என்றால் -62 வரும், இன்னும் நல்ல தடுப்பு. வித்தியாசம் 6 மில்லிவோல்ட்தான். ஆக, -35இலிருந்து -62 வரை வந்ததில் பெரும்பகுதி வேலையைச் செய்தது குழாயின் அகலம், இறக்கம் கொஞ்சம்தான் உதவியது.

இனி -55 போட்டுப் பாருங்கள். தூண்டுதல் இல்லாமல் கிளைசின் மட்டும் வந்தால் செல் -70இலிருந்து -58.75க்கு ஏறுகிறது, பார்த்தால் தூண்டுதல் மாதிரி இருக்கும். தூண்டுதலோடு சேர்ந்து வந்தால் -47, எல்லையை லேசாகத் தாண்டுகிறது. தடுப்பு தோற்றுவிட்டதா? கிளைசின் கடத்துதிறனை 30க்குப் பதில் 100 ஆக்குங்கள்: (-700 - 5500) ÷ 120 = -51.7. மறுபடி எல்லைக்குக் கீழே. ஏற்றிவிடுகிற தடுப்பும் தடுப்புதான், குழாய் போதிய அகலமாக இருந்தால்.

கடைசியாக -37. தூண்டுதலே இல்லாமல் கிளைசின் 30 மட்டும் வந்தால் -45.25. எல்லையைத் தாண்டியாகிவிட்டது. கிளைசினை 100 ஆக்கினால் -40, இன்னும் மோசம். இங்கே தடுப்பைக் கூட்டக் கூட்ட நியூரான் அதிகம் துடிக்கும். -55க்கும் -37க்கும் நடுவே என்ன மாறியது? எல்லைக்கோடான -50ஐக் குளோரைடு சமநிலை தாண்டிவிட்டது. ஓய்வு மின்னழுத்தத்தோடு ஒப்பிட்டு "இறக்குகிறதா ஏற்றுகிறதா" என்று கேட்பதைவிட, எல்லைக்கோட்டோடு ஒப்பிட்டுக் கேட்பதே சரியான கேள்வி என்பது என் அழுத்தமான கருத்து, பிள்ளைகளிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுகிறேன்.

இந்தக் கணக்கு எல்லாம் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நடப்பதாக வைத்துக்கொள்கிறது. உண்மையில் இடமும் நேரமும் உண்டு. தடுப்புச் சந்திப்பு செல்லின் உடலுக்கு அருகில், துடிப்பு கிளம்பும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால், தொலைவிலிருக்கும் கிளைகளிலிருந்து வருவதையெல்லாம் வாசலிலேயே மடக்கும். அப்புறம் சேனல் மூடியதும் குழாய் அடைபட்டுவிடும், ஆனால் ஏறிய மின்னழுத்தம் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும். அதனால் -55 மாதிரியான நிலையில் சேனல் திறந்திருக்கும்போது தடுத்துவிட்டு, மூடிய பின் சற்றுத் தாமதமாக வரும் தூண்டுதலுக்கு உதவியாகவும் அது ஆகிவிடலாம்.

நேரம் என்றதும் சேனலின் வகையும் வந்துவிடுகிறது. முதிர்ந்த தண்டுவடத்தின் கிளைசின் ஏற்பி ஆல்ஃபா1ம் பீட்டாவும் சேர்ந்தது, அதன் மின்னோட்டம் சில மில்லி நொடிகளில் அடங்கிவிடும். காபா-ஏ அதைவிட நீளமாக இழுக்கும். கருவில் இருப்பது ஆல்ஃபா2, அது மெதுவானது, எலிகளில் பிறந்து முதல் சில வாரங்களில் ஆல்ஃபா1க்கு இடம் விட்டுவிடுகிறது. சின்லோன் ஆடும் காலுக்கு வேகமாக வந்து வேகமாகப் போகிற தடுப்புதான் வேண்டும் என்பது சொல்லாமலே புரியும்.

உள்ளே குளோரைடை 6ஆக யார் வைத்திருக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. கேசிசி2 என்கிற கடத்திப் புரதம் பொட்டாசியத்தோடு சேர்த்துக் குளோரைடை வெளியே இறைக்கிறது. என்கேசிசி1 என்கிற இன்னொன்று சோடியம், பொட்டாசியத்தோடு குளோரைடை உள்ளே ஏற்றுகிறது. கருவிலும் எலிகள் பிறந்த ஆரம்ப நாட்களிலும் இரண்டாவதன் கை ஓங்கியிருக்கும், உள்ளே குளோரைடு அதிகம், கிளைசினும் காபாவும் செல்லை மேலே ஏற்றும். கேசிசி2 வளர வளர சமநிலை கீழே இறங்கி, பெரியவர்களின் தடுப்பு அமைகிறது. மேலே போட்ட கணக்கில் -80இலிருந்து -37க்குப் போன வரிசையைப் பின்னாலிருந்து படித்தால் அது ஒரு தண்டுவடம் வளர்கிற கதை.

அதே வரிசை முன்னோக்கியும் போகலாம், அதுதான் மனதுக்குக் கஷ்டமானது. புற நரம்பு அடிபட்டால் தண்டுவடத்தின் மேல்தளத்தில் வலிச்செய்தி வாங்கும் நியூரான்களில் கேசிசி2 குறைந்து, உள்ளே குளோரைடு கூடிவிடுவதை 2003இல் எலிகளில் காட்டினார்கள். அதைத் தூண்டிவிடுவது நரம்பு மண்டலத்தின் காவல் செல்களான மைக்ரோகிளியா விடும் ஒரு வளர்ச்சிக் காரணி என்று 2005இல் அடுத்த படி வந்தது. தண்டுவடமே அடிபட்ட எலிகளில் இயக்க நியூரான்களிலும் கேசிசி2 குறைகிறது, கைகால் இறுக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்று 2010இல் எழுதினார்கள். மெல்லத் தொட்டாலே வலிக்கிறது என்று சொல்லும் நோயாளியிடம் "தொட்டதற்கா?" என்று யாரும் கேட்கக் கூடாது. ஏற்பிகள் அப்படியே இருக்க, அவற்றுக்குப் பின்னால் இருக்கும் இறைப்பு பழுதாகியிருக்கலாம். அழற்சியில் வருகிற வலிக்கு வேறொரு பாதையும் உண்டு: அழற்சியில் உண்டாகும் ப்ராஸ்டகிளாண்டின் ஈ2 என்கிற வேதிப்பொருள், தண்டுவடத்தின் மேல்தளத்தில் இருக்கும் ஆல்ஃபா3 கிளைசின் ஏற்பியின் வேலையைக் குறைத்துவிடுகிறது, 2004இல் சுண்டெலிகளில் கண்டது.

இனி எட்டிக்காய்க்கு வரலாம். ஒரு பொருள் என்ன செய்கிறது என்று பார்க்கச் சிறந்த வழி, அது இல்லாமல் போனால் என்ன ஆகிறது என்று பார்ப்பது. எட்டி மரம் நம் ஊரிலும் உண்டு, பர்மாவிலும் உண்டு, அதன் கொட்டையிலிருக்கும் ஸ்ட்ரிக்னின் என்கிற நஞ்சை பெல்லத்தியேவும் கவந்தூவும் 1818இல் பிரித்தெடுத்தார்கள். கிளைசின் உட்காரும் அதே இடத்தில் ஸ்ட்ரிக்னின் போய் உட்கார்ந்துகொள்கிறது, ஆனால் துளையைத் திறப்பதில்லை. மேலே போட்ட கணக்கில் 30ஐ அழித்துவிட்டு பூஜ்யம் போடுங்கள், -35 வரும். இப்படி எல்லா இயக்க நியூரானும் தடையில்லாமல் துடித்தால் எதிரெதிர்த் தசைகள் ஒரே நேரத்தில் சுருங்கும், சின்னச் சத்தத்துக்கும் உடம்பு வில்லாக வளையும். நினைவு தெளிவாகவே இருக்கும், அதுதான் கொடுமை. அந்தக் கொட்டையை யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம், நாட்டு மருந்து என்று தெரியாதவர் கையால் வாங்கியும் சாப்பிட வேண்டாம். அறிவியலுக்கு அது செய்த உதவி வேறு: அவ்வளவு இறுக்கமாக ஒட்டும் என்பதாலேயே, ஸ்ட்ரிக்னினைத் தூண்டில் முள்ளாக்கி 1982இல் எலித் தண்டுவடத்திலிருந்து கிளைசின் ஏற்பியைப் பிடித்துச் சுத்தமாகப் பிரித்தார்கள், 1987இல் அதன் மரபணு வரிசை கிடைத்தது.

ரண ஜன்னி அதே முடிவுக்கு வேறு வழியில் வருகிறது. என் ஆச்சி சொல்லிக் கேட்டது இது. தாட்டோன் பக்கம் வயல் வேலை செய்த சின்னத் தாத்தா காலில் துருப்பிடித்த ஆணி ஏறியது, சில நாள் கழித்து வாய் பூட்டிக்கொண்டது, அப்புறம் வீட்டில் ஒரு கிண்ணம் விழுந்த சத்தத்துக்கே முதுகு வளைந்து குதிகாலும் தலையும் மட்டும் பாயில் பட நின்றது. கதவை அடைத்து, விளக்கை அணைத்து, குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு ஆச்சி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். அவர் கண் மட்டும் ஆச்சியையே பார்த்துக்கொண்டிருந்ததாம். பிழைக்கவில்லை. பல வருஷம் கழித்துப் பாடத்தில் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது, ரண ஜன்னிக் கிருமியின் நச்சு இயக்க நியூரான் வழியாகத் தண்டுவடத்துக்கு ஏறி, அங்கிருந்து தடுப்பு இடைநியூரானுக்குத் தாவி, குமிழிகள் சவ்வோடு சேர உதவும் சினாப்டோப்ரெவின் என்கிற புரதத்தை வெட்டிவிடுகிறது என்று. ஏற்பி நன்றாகத்தான் இருக்கிறது, குளோரைடும் 6தான், கிளைசின் மட்டும் வெளியே வருவதில்லை. விளக்கை அணைக்க வேண்டும் என்று ஆச்சிக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியாது, ஆனால் அது சரியான காரியம். தடுப்பூசி மட்டும் போட்டிருந்தால் அவர் இருந்திருப்பார். உங்கள் வீட்டில் வயலுக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள் ஊசி போட்டிருக்கிறார்களா என்று இன்றைக்கே கேளுங்கள்.

மூன்றாவது வழி, ஏற்பியே பிறவியில் பழுதாக இருப்பது. ஆல்ஃபா1இன் மரபணுவில் ஒரு எழுத்து மாறினால் பிறந்த குழந்தை விறைப்பாக இருக்கும், தொட்டாலும் சத்தம் கேட்டாலும் திடுக்கிட்டு மரக்கட்டை போலாகும், சில சமயம் மூச்சும் நின்றுபோகும். மிகைத் திடுக்கம் எனலாம், 1993இல் காரணம் தெரிந்தது. அப்படி விறைத்த குழந்தையின் தலையையும் கால்களையும் உடம்பை நோக்கி மடக்கினால் விறைப்பு விடுபடும் என்பது குழந்தை மருத்துவர்கள் கற்றுக்கொடுக்கும் கைவழி.

மருந்துகளையும் இதே தாளில் வைத்துப் பாருங்கள், குழப்பம் பாதி தீரும். டையசெபாம் கிளைசின் ஏற்பியைத் தொடுவதில்லை, காபா-ஏயில் ஆல்ஃபாவுக்கும் காமாவுக்கும் நடுவே ஒட்டி, காபா வரும்போது சேனல் அடிக்கடி திறக்கும்படி செய்கிறது. பார்பிச்சுரேட் திறந்த சேனலை நீண்ட நேரம் திறந்தே வைக்கிறது. ரண ஜன்னியில் டையசெபாம் கொடுப்பது, கிளைசின் பக்கம் போன தடுப்பை மிச்சமிருக்கும் காபா பக்கத்தில் ஈடுகட்டத்தான். பைகுகுல்லின் காபா-ஏயை மறிக்கும், சோதனைக்கூடத்தில் இதையும் ஸ்ட்ரிக்னினையும் மாற்றி மாற்றி ஊற்றித்தான் எந்த மின்னோட்டம் யாருடையது என்று பிரிக்கிறார்கள். தசை இறுக்கத்துக்குக் கொடுக்கும் பேக்லோஃபென் இந்தக் கூட்டத்திலேயே சேராது. அது பிடிப்பது காபா-பி ஏற்பியை, அதில் துளையே கிடையாது. தேர்வில் நிறையப் பேர் தவறுகிற இடம் இது.

கடைசியாக, பதிவுப் படங்களைப் படிப்பது. பேட்ச் கிளாம்ப் (செல்லின் சவ்வில் கண்ணாடிக் குழாயை ஒட்டி மின்னோட்டம் அளக்கும் முறை) படத்தில் தடுப்பு மின்னோட்டம் கீழ்நோக்கி இறங்குவதைப் பார்த்துப் பிள்ளைகள் "இது தூண்டுதல் ஆச்சே சயா" என்கிறார்கள். செய்முறைப் பகுதிக்குப் போய்க் கண்ணாடிக் குழாயில் ஊற்றிய கரைசலைத் தேடுங்கள். பெரும்பாலும் குளோரைடு 140 பக்கத்தில் இருக்கும், வெளியேயும் ஏறக்குறைய அதேதான், அதனால் லாக் 1, அதாவது சமநிலை 0. செல்லை -70இல் பிடித்து வைத்திருப்பார்கள், இடைவெளி 70 மில்லிவோல்ட், சின்ன மின்னோட்டமும் பெரிதாகத் தெரியும், அதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். அங்கே நீங்கள் பார்ப்பது ஏற்பியின் உண்மையான வேகமும் அளவும், ஆனால் அந்த நியூரானின் சொந்தக் குளோரைடு குழாய்க் கரைசலில் கரைந்து போய்விட்டது, ஏற்றுமா இறக்குமா என்ற கேள்விக்கு அந்தப் படம் பதில் சொல்லாது. அந்தக் கேள்விதான் வேண்டுமென்றால் கிராமிசிடின் கொண்டு துளையிட்ட பதிவைத் தேடுங்கள். கிராமிசிடின் போடும் துளையில் நேர் அயனிதான் போகும், குளோரைடு போகாது, செல் தன் உள்ளே வைத்திருந்ததை அப்படியே வைத்திருக்கும்.

பழகிப் பார்க்க ஒரு கணக்கு. தோலிலிருந்தும் தசையிலிருந்தும் தண்டுவடத்துக்கு வரும் உணர்விழைகளில் என்கேசிசி1 வயதான பின்னும் வேலை செய்துகொண்டே இருக்கிறது, அவற்றின் மேலும் காபா-ஏ ஏற்பிகள் உண்டு. உள்ளே குளோரைடு 25, வெளியே 120 என்று வைத்து, 37 டிகிரியில் சமநிலை எவ்வளவு, ஓய்வு -65 என்றால் காபா வந்ததும் குளோரைடு எந்தப் பக்கம் ஓடும், என்று போட்டுப் பாருங்கள். எனக்கு -42 வருகிறது, குளோரைடு வெளியே ஓடுகிறது.